வசந்தாவின் காலைக் கணக்கு

28-11-1976, ஞாயிறு

விடியற்காலை முதல் தூறல். கொடித்துணி எதுவும் காயவில்லை. கொளவாய் ஏரி நிரம்பிவிட்டதாம்.

நடந்தபோது இருந்தவர்கள்: நான். அத்தை. அவர், முகம் மழித்துக்கொண்டு. கொழுந்தன் சேகர், பஸ் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், காக்கிச் சட்டை பாதி மாட்டியபடி. அவன் மனைவி வசந்தா. என் மகள் உமா. தூளியில் வசந்தாவின் எட்டு மாதக் குழந்தை மீனா. உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு வள்ளியம்மா. குழந்தையையும் சேர்த்து எட்டுப் பேர். பின்னால் யாரும் 'நான் பார்க்கவில்லை' என்று சொல்ல முடியாது.

நடந்தது: வசந்தா அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும்போது கைவிட்டுவிட்டாள். அவ்வளவு பாலும் தரையில். ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அத்தை ஓடிவந்து, "கை மேல ஊத்திகலயே? போம்மா, போய் செத்த நேரம் படு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தனம், அந்தத் துணிய எடுத்தாந்து தொடை."

துடைத்தேன். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் சாம்பார் குண்டான் என் கால்மேல் கவிழ்ந்தது. அன்று அத்தை கேட்டது: "பருப்பு போச்சா?"

நாலு மாதமாக இதே கதைதான். காலையில் கை வராது, விரல் மடங்காது. பத்து மணிக்கு மேல் தலை பின்னிப் பூ வைத்துக்கொள்ள மட்டும் வரும். நடிப்பு என்று எனக்குத் தெரியும். சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லக் கூடாது, எழுதிக் காட்ட வேண்டும்.

உமாவின் எழுதாத நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டேன். அவர் கூட்ஸ் ஆபீஸ் லெட்ஜர் போலவே கோடு. பத்திகள்: எழுந்த நேரம் / கை மூடிய நேரம் / மாலையில் என்ன செய்தாள். ஓரத்தில் என் குறிப்பு. ரயில்வேக்காரர் வீட்டுக் கடிகாரம், நிமிஷம் பிசகாது. ஒரு மாதம் எழுதி எல்லார் முன்னாலும் வைப்பேன்.

வேண்டுதல்: வேதகிரீஸ்வரா, உண்மை வெளியே வரட்டும். வந்தால் திருக்கழுக்குன்றம் மலைப்படி அத்தனையும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஏறுகிறேன்.

இனி இதில் அவள் பெயர் வ. முழுப்பெயர் எழுத மை வீண்.

30-11, செவ்வாய்

மழை விட்டது. விறகு ஈரம், ஒரே புகை.

நோட்டில் எழுதியது:
எழுந்தது 5.50. கை மூடியது 9.40. (மூடுவது என்றால் முஷ்டி பிடிப்பது. காப்பி தம்ளரை ஒரு கையால் தூக்கினால் மூடியதாக வைத்துக்கொள்கிறேன்.)
மாலை: வள்ளியம்மாவோடு பல்லாங்குழி. இரண்டு ஆட்டம். சிரிப்பு தெரு வரை.
ஓரம்: 'புளியங்கொட்டை எடுக்க விரல் வருகிறது. புளி கரைக்க வரவில்லை.'

அத்தை நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்து அவள் கையைப் பிடித்து ஒத்தடம் கொடுத்தார். "பச்ச ஒடம்போட கடல்காத்துல நின்னா இப்பிடித்தான். ஒங்கம்மா வூட்ல அடிச்சிகினு சொன்னனே, காதுல பஞ்சு வைன்னு." வ.வின் அம்மா வீடு தேவனேரி, மகாபலிபுரத்துக்குப் பக்கம். பிரசவம் அங்கேதான். அப்பா சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறார்.

நான் உமாவைப் பெற்று பதினாறாம் நாள் கிணற்றடியில் இருந்தேன். எனக்குக் காற்றே அடிக்கவில்லை போலிருக்கிறது.

3-12, வெள்ளி

விளக்குப் பூஜை. நூற்றெட்டு நாமம் சொல்லும்போது மனசு நிற்கவில்லை. பார்வை அவள் கை மேலேயே.

இரண்டு கையும் ஒன்றுபோல் வீங்கியிருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டுக்கும் அடி மொளி (கணு). மணிக்கட்டு. சுண்டுவிரல் சும்மா இருக்கிறது. வலது எப்படியோ இடது அப்படியே. நோட்டில் கை வரைந்து புள்ளி வைத்தேன். வேண்டுமென்றே வீங்க வைத்துக்கொள்ள முடியுமா? ஏதாவது இலை வைத்துக் கட்டுவாளோ. பார்க்க வேண்டும்.

எழுந்தது 6.00. கை மூடியது 10.05.

வாங்க வேண்டியது: கற்பூரம், மண்ணெண்ணெய் (வரிசைக்கு 7 மணிக்கே போக வேண்டும், நான்தான்), உமாவுக்கு நிப்.

8-12, புதன்

வளையல்காரர் வந்தார். மார்கழிக்கு முன் எல்லாருக்கும் கண்ணாடி வளையல். வ.வுக்குப் போன வருஷ அளவு மொளியைத் தாண்டவில்லை. அடுத்த அளவும் ஏறவில்லை. வளையல்காரர் சோப்பு தடவி அமுக்கினார். அவள் போட்ட சத்தத்தில் தூளியில் குழந்தை விழித்துக்கொண்டது. "இன்னாம்மா இது, கை கல்லு கணக்கா கீது, சுடுது வேற" என்றார் வளையல்காரர்.

வளைகாப்பில் இதே கையில் இரண்டு டஜன் அடுக்கினோமே. அப்போது நான்தான் பூட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. வயிற்றில் பிள்ளை இருந்த அத்தனை மாதமும் அவளுக்கு ஒரு நோவும் இல்லை. இடுப்பொடிய வேலை செய்தாள், அது பொய் இல்லை. கணக்கு என்றால் வரவும் எழுத வேண்டும், செலவும் எழுத வேண்டும். எழுதினேன்.

ஓரம்: 'வளையலுக்கு அழுகை.'

அத்தை தன் மெல்லிய தங்கக் காப்பு ஒன்றைத் திருகாணியைத் தளர்த்தி அவளுக்குப் போட்டுவிட்டார். "கண்ணாடி ஒத்துக்கலன்னா இது போட்டுக்க." என் கையில் ஆறு கண்ணாடி. பச்சை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பசியில்லை என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

12-12, ஞாயிறு

அத்தை, அவர், சேகர், உமா, பால் புட்டியோடு குழந்தை எல்லாரும் கல்யாண வீட்டுக்கு. வ. வரவில்லை என்றாள். எனக்கு ஜுரம் என்று சொல்லி நானும் நின்றுகொண்டேன். ஜுரம் இல்லை. யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான். சாமி மன்னிக்கட்டும்.

கதவிடுக்கில் நின்று பார்த்தது: 7.15 சீப்பை எடுத்தாள், விழுந்தது. 7.20 மறுபடி. சீப்பை வாயால் கவ்விக்கொண்டு விரலைப் பிரித்தாள். 8.00 சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். 9.55 எழுந்து வந்து, "அக்கா, ஜொரம் எப்பிடி கீது? கஞ்சி வைக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

நான் இருப்பது தெரிந்தே செய்திருப்பாளோ. இருக்கலாம். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

16-12, வியாழன். மார்கழி முதல் நாள்

பனி. நாலரைக்கு எழுந்து குளித்தேன். தெருக்கோலம் இந்த வருஷம் எனக்கு. போன வருஷம் வ. போட்டது. அந்த முப்பது நாளும் காலேஜ் போகிற பெண்கள்கூட நின்று பார்த்துப் போனார்கள். இந்த வருஷம் அவளால் முடியாது என்று அத்தை சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம். அதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி. ஒரு பிசகு இல்லை. சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்தேன்.

வள்ளியம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னா தனம், சின்ன மருமவ போடலியா?"

"ஒடம்பு சரியில்ல."

"அதான் பார்த்தேன். தெருவே களையில்லாம கீதேன்னு."

உமா பள்ளிக்கூடம் போகும்போது: "சித்தி போட்டா கோடு ஒரே மாதிரி வளையும்மா. ஒனக்கு ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது." என் வயிற்றில் பிறந்தது.

இன்றைய கணக்கு: 5.40 / 10.20.

19-12, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

மாலை நாலரை. கொல்லைப்புறம் விறகு எடுக்கப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வ. குந்தி உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத இடத்தில். அன்னம், நாலு பக்கமும் தாமரை. கோடு பிசிறில்லாமல் ஓடுகிறது. என்னைப் பார்த்ததும் காலால் அழித்தாள்.

"இன்னாடி இது?"

"சும்மா அக்கா. கை மறந்து போச்சான்னு பாத்தேன்."

"மறக்கலியே."

"சாயந்திரத்துல மறக்கல" என்று சிரித்தாள்.

நோட்டில் பெரிதாக எழுதினேன்: மாலை 4.30, அன்னக் கோலம், முழுசாக. ஓரம்: 'காலையில் முடியாதாம், மாலையில் முடியுமாம். இதைவிட என்ன வேண்டும்.' கடைசிப் பக்கத்தில் தலைப்புப் போட்டு வைத்தேன்: 'எல்லார் முன்னும் சொல்ல வேண்டியவை.' ஒன்பது குறிப்புகள்.

21-12, செவ்வாய்

முதலில் அவரிடம் காட்டினேன். ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போது. எடுத்துப் பிரித்து விரலை வைத்து மேலிருந்து கீழ் ஓட்டினார், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணிக்கை சரி பார்ப்பதுபோல. ஒரு தரம். மறுபடி ஒரு தரம். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தனம், இது பொய்க்கணக்கு இல்ல."

"அதத்தானே சொல்றேன். ஒரு எழுத்து பொய் இல்ல."

"நான் அவ கணக்க சொல்றேன். பொய்க்கணக்கு எழுதறவன எனக்குத் தெரியும். ஒரு நாளாச்சும் மறந்துடுவான். இதுல பாரு, இருபத்திநாலு நாளு. ஒரே வெரலு, ஒரே மொளி, அதே பத்து மணி. ஆளில்லாத ஞாயித்துக்கெழம கூட. யாருக்கு நடிச்சா அன்னிக்கு? ஒனக்கா? ஒனக்குத்தான் ஜொரமாச்சே."

காலித் தம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ. அம்மாவோட நொச்சி போதும். இந்த நோட்டையும் எடுத்துக்க."

டாக்டர் சொல்லட்டும். பார்க்கலாம். டாக்டரை யாரும் பொறாமைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

23-12, வியாழன்

ஆஸ்பத்திரி. ஏழு மணிக்குச் சீட்டு, பதினொன்றரைக்கு உள்ளே. குழந்தை என் இடுப்பில்.

டாக்டர் வயசானவர். தடிக் கண்ணாடி. எவ்வளவு நாளாக என்று வ.வைக் கேட்டார்.

"கொஞ்ச நாளா சார்."

"காலையில எழுந்ததும் விரல் விறைச்சிருக்கா? எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம் சார். அப்பறம் சரியாப்பூடும்."

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார்."

நான் திகைத்துப்போனேன். வீட்டில் நாலு மணி நேரம் படுக்கிறவள் இங்கே கொஞ்ச நேரம் என்கிறாள். டாக்டரும், அந்நேரத்துக்கு விரல் ஓரளவு மடங்கிவிட்டதால், தைலம் எழுதச் சீட்டை எடுத்துவிட்டார். பயந்துபோய் மறைக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. சீக்குக்காரி என்று பெயர் வந்துவிடக் கூடாது என்று. இத்தனை நாள் நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ்.

நோட்டு பையில். எடுக்காமல் இருந்திருந்தால் தைலத்தோடு வீடு வந்திருப்போம். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன். பிறகு எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் ஒரு பக்கம் படித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முழுக்கப் படித்தார். நான் வரைந்த கையையும் புள்ளியையும் பார்த்து, வ.வின் கையை வாங்கி ஒவ்வொரு மொளியாக அமுக்கினார். "கர்ப்பமா இருந்தப்போ வலி இல்லைன்னு எழுதியிருக்கு. நிச்சயமா?"

"நிச்சயம் சார். கல்யாணமாகி ஏழாம் மாசம் லேசா ஆரம்பிச்சது. மசக்கையானதும் நின்னுது. புள்ள பொறந்து நாலு மாசத்துல இப்பிடி." நான்தான் சொன்னேன். எனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"படிக்கல சார். பஞ்சாங்கம் பாத்து நானே எழுத்து கத்துக்கினேன்."

"எங்க மெடிக்கல் காலேஜ் பசங்க இப்படி எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்." பிறகு வ.விடம்: "உங்க அக்கா உங்களை ஒரு நாள் விடாம கவனிச்சிருக்காங்கம்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிடிக்கிற பலம்கூட அந்த விரலில் இல்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டர் எனக்கு மட்டும் கேட்கும்படி: "கணக்கு நல்லா இருக்கு. ஓரத்துல எழுதறது மட்டும் இனிமே வேண்டாம்."

ரத்தம் எடுத்தார்கள். கைக்குப் படம். திங்கள் வரச் சொன்னார்.

27-12, திங்கள்

மேகமூட்டம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கறுப்பில் வெள்ளையாக இரண்டு கை. எலும்பு நடுவில் நல்ல வெள்ளை. மொளிப் பக்கம் வரவரச் சாம்பல், துவைத்து நைந்த வேட்டி போல. வலது ஆள்காட்டி மொளியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். எலி கொறித்த தேங்காய்ச் சில்லு.

மறந்துவிடுமுன் அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

உடம்புக்குள் காவல்படை ஒன்று உண்டு, கிருமி வந்தால் அடிக்க. இவளுக்கு அந்தப் படை தன் மூட்டுகளையே எதிரி என்று எடுத்துக்கொண்டு அடிக்கிறது. அதுதான் வீக்கம், அதுதான் சூடு. ஏன் அப்படி ஆகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. எலும்பு கல் அல்ல. பழசை இடிக்க ஒரு கூட்டமும் புதுசைக் கட்ட ஒரு கூட்டமும் உள்ளே எப்போதும் வேலையாக இருக்கும். வீக்கம் இருந்தால் இடிக்கிற கூட்டத்துக்கு ஊக்கம் வந்துவிடும். கட்டுகிறவர்களால் ஈடுகொடுக்க முடியாது. மூட்டுகளைச் சுற்றி எலும்பு கரையும்.

"பாலு, முருங்கக்கீரை நெறய குடுத்தா எலும்பு வந்துடுமா சார்?" என்றேன்.

"குடுங்க, நல்லதுதான். ஆனா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற மாதிரி. முதல்ல வீக்கத்தை அடக்கணும்."

மாத்திரை: ஆஸ்பிரின். தலைவலிக்குப் போடுகிற அதே மாத்திரைதான், ஆனால் வேளைக்கு மூன்று, நாலு வேளை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. காது இரைந்தால் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் நிறுத்தி பசும்பால்.

முக்கியம்: "வலி குறையும். குறைஞ்சதும் நிறுத்திடுவீங்க, எல்லாரும் அதான் செய்யறாங்க. வலி போச்சுன்னா வீக்கம் போச்சுன்னு அர்த்தம் இல்லை. காலையில விறைப்பு எத்தனை நேரம் நிக்குது, அதான் எனக்கு அடையாளம். பொங்கல் கழிச்சு நோட்டோட வாங்க. நேரம் குறையலைன்னா மெட்ராஸ் அனுப்பி தங்க ஊசி போடணும். கணக்கைப் பார்த்துத்தான் முடிவு."

தங்க ஊசி. நிஜமாகவே தங்கமாம், மருந்தாகக் கரைத்தது. பஸ் ஸ்டாண்டுவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கையில் அத்தையின் காப்பு. போதாதென்று உடம்புக்குள்ளும் தங்கம் ஏறப்போகிறது அவளுக்கு. எலும்பு கரைகிறவளைப் பார்த்து இப்படி நினைக்கிறேன். அடித்துத் திருத்தினாலும் என் புத்தி இதுதான்.

இன்னொன்று. படத்துக்கு முன்னால் நிற்கும்போது என் கையையும் பார்த்துக்கொண்டேன். படம் எடுத்தால் முழுசும் வெள்ளையாக இருக்கும். பன்னிரண்டு வருஷம் அரைத்த கை. யாரும் எடுக்கப் போவதில்லை.

30-12, வியாழன்

அத்தைக்கு எல்லாம் சொல்லியாயிற்று. இன்று சேகர் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"கை கோணிகினு போற சீக்குதானே அது? செய்யூர்ல எங்க சின்னத்த மருமவ ஒருத்தி கீறா. இப்ப சோறு ஊட்டிவுட ஆளு வேணும்."

"டாக்டர் அப்பிடி சொல்லல அத்த. மாத்திர சாப்ட்டா..." என்றேன்.

"ரத்தத்துலயே கோளாறுன்னா இன்னா மாத்திர?"

சேகர் கையை உதறினான். "அண்ணி, இது கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்துச்சா? மறைச்சி கட்டிவச்சிட்டாங்களா?"

வ. அடுக்களை வாசலில். குழந்தை கையில்.

எனக்குத் தெரியும். கல்யாணமாகி ஏழாம் மாதம்தான். டாக்டரிடம் என் வாயால் சொன்னேன், அன்று ராத்திரியே நோட்டிலும் என் கையால் எழுதினேன். சொல்லியிருக்கலாம். ரசம் ஊற்றினேன். "எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

அத்தை: "ரெண்டு மாசம் அம்மா வூட்ல இருந்துட்டு வரட்டும். ஞாயித்துக்கெழம அவங்கப்பன வரச் சொல்லு."

பிறகு கொல்லையில் கால் கழுவும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீதான்டி தனம் எனக்குக் கையும் காலும்." பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

2-1-1977, ஞாயிறு

வ.வின் அப்பா எட்டு மணி பஸ்ஸில் வந்தார். ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்தார். உட்காரவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார். அத்தை பின்கட்டிலிருந்து வரவில்லை. காப்பை வ. கழற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டிருந்தாள். எப்படித்தான் கழற்றினாளோ, மொளி சிவந்திருந்தது.

மாத்திரை டப்பாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். வேளையை எண்ணிச் சொன்னேன். "நீ எழுதிகினே இருந்த பாரு அக்கா, அதான் என்னைக் காப்பாத்துச்சு. எங்கம்மா கூட என்னை இப்பிடி பாத்துகினு இருந்ததில்ல" என்றாள்.

மீனா தன் தாத்தா தோளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

நோட்டில் இன்றைய வரி: எழுந்தது 5.45. கை மூடுமுன் கிளம்பிவிட்டாள்.

5-1, புதன்

கோலம் போட்டேன். ஏழு புள்ளி. ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

நோட்டில் மூன்று நாள் வெறும் கட்டம்.

சேகர் மகாபலிபுரம் ரூட்டில் போகிறவன், பஸ்ஸை நிறுத்திக் குழந்தையை மட்டும் பார்த்துவிட்டு வந்தானாம். "எப்பிடி கீறா?" என்று நான்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் கீறா. நோவு விட்டுடுச்சாம். அவங்கம்மா மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க, காது இரையுதாம். வைத்தியர் எண்ணெ தேய்க்கிறாங்க."

டாக்டர் சொன்னது அப்படியே. வலி போகும், நிறுத்துவார்கள், உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் அந்தப் பள்ளம் பெரிதாகும். அந்தக் கோடு பிசிறாமல் ஓடுகிற கை.

அப்போதே சொன்னேன். அத்தை, சேகர், அவர், மூவரும் இருந்தார்கள். "கல்யாணத்துக்கு முன்ன அவளுக்கு ஒண்ணும் கெடையாது. ஏழாம் மாசம் இந்த வூட்லதான் மொத மொத கை வீங்குச்சு. நான் பாத்தேன். அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னது பொய்."

சேகர்: "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா அண்ணி?"

அத்தை எழுந்து போய்விட்டார். அவர் மட்டும், "நோட்டு எங்க? பத்திரமா வை" என்றார்.

7-1, வெள்ளி

மலைக்குப் போனேன். உண்மை வெளியே வந்தால் ஏறுகிறேன் என்று வேண்டியது. எந்த உண்மை என்று நான் சொல்லவில்லை, சாமியும் கேட்கவில்லை. வந்துவிட்டது. ஏறித்தான் ஆக வேண்டும். தண்ணீர் குடிக்காமல். பாதியில் கண் இருட்டியது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன்.

உச்சிவேளைப் பிரசாதத்துக்குக் கழுகு வர இன்னும் நேரமிருக்கிறது, இருங்கள் என்றார்கள். இருக்கவில்லை.

சன்னதியில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. காவல்படை நினைவுதான். வீட்டைக் காக்கிறதாக நினைத்துக்கொண்டு வீட்டையே இடிக்கிறது. நானும் இந்த வீட்டில் அநியாயம் நடக்கக் கூடாது என்றுதான் நோட்டில் கோடு போட்டேன்.

கீழே மகாபலிபுரம் பஸ் நின்றது. தேவனேரி போய்விடலாம் என்று படியில் கால் வைத்தேன். அவள் 'அக்கா' என்று ஓடிவருவாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது. இறங்கிவிட்டேன். வீட்டுக்கு, செங்கல்பட்டு பஸ்.

9-1, ஞாயிறு

வெயில். ஊறுகாய் ஜாடி வெளியே. அரிசி களைந்தாயிற்று. நேற்று முழுவதும் கடிதம் மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் இப்படி. நாளை சேகர் கையில் போகிறது. நகல் வைத்துக்கொள்கிறேன்:

வசந்தாவுக்கு, தனம் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மீனாவுக்கு இரண்டாம் பல் வந்ததா.

நோட்டு உன் மேல் இருந்த அன்பால் எழுதியது அல்ல. நீ நடிக்கிறாய் என்று எல்லார் முன்னும் காட்டத்தான் எழுதினேன். அந்த ஞாயிறு எனக்கு ஜுரம் இல்லை, கதவிடுக்கில் இருந்தேன். அத்தை உன் கையைப் பிடித்து ஒத்தடம் கொடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. நீ போடுகிற கோலமும் பொறுக்கவில்லை. இன்னும் முழுசாகப் போகவில்லை. உன்னிடம் நல்லவள் பட்டம் வாங்கிக்கொண்டு இருக்க முடியாததால் சொல்கிறேன். ஆனால் அதில் உள்ள நேரம் ஒவ்வொன்றும் நிஜம். டாக்டர் நம்பியதும் அந்த நேரத்தைத்தான்.

கல்யாணத்துக்கு முன் உனக்கு நோவு இல்லை என்று அத்தையிடமும் சேகரிடமும் சொல்லிவிட்டேன். முதல் நாளே சொல்லாதது என் குற்றம்.

வலி விட்டது என்று மாத்திரையை நிறுத்தாதே. காது இரைந்தால் நிறுத்த வேண்டியதில்லை, எத்தனை குறைப்பது என்று டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன். உன் அம்மா எண்ணெய் தேய்க்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. மாத்திரையும் வேண்டும். பொங்கல் கழிந்த திங்கள் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். நான் தேவனேரிக்கு வந்து கூட்டிப்போகிறேன். நீ என்னோடு வர மாட்டாய் என்றால் உன் அப்பாவோடு போ, நோட்டை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டேன்.

நோட்டில் ஒரு வாரம் வெறுமையாக இருக்கிறது. அது இல்லாமல் டாக்டரால் ஊசி விஷயம் முடிவு செய்ய முடியாது. ஆகையால் இரண்டு மட்டும் எழுது: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணிக்குக் கை மூடியது. தினமும். என் மேல் கோபம் என்றால் வேறு ஒன்றும் எழுத வேண்டாம். காலையில் பேனா பிடிக்காதே. மாலை நாலரைக்கு எழுது. அந்நேரம் உன் கை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சேகரிடம் வாயால் சொல்லி அனுப்பாதே. பதில் சீக்கிரம் போடு.